வேறொரு வீட்டு விளக்கு

மணி ஏழே முக்கால். காக்ஸ் டவுனில் ரயில் பாதையை ஒட்டிப் போகும் ஒரு சின்னத் தெரு. ஒரு பக்கம் ரயில்வே சுவர். மறுபக்கம் பழைய வீடுகள்... பாதிக்குப் பாதி பூட்டியவை. மழை விட்டு அரை மணி ஆகியிருந்தது. தெருவிளக்கு எரியவில்லை. மரத்திலிருந்து சொட்டு விழும் சத்தம் மட்டும். சொத்... சொத்... நடந்து வந்தது ஒரே ஒரு ஆள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கரண்ட் வரும்போது வரட்டும்.

இது என்னோடு வேலை செய்யும் லீனாவின் அண்ணனுக்கு நடந்தது. போன அக்டோபரில். லீனா ஒரே தடவைதான் சொன்னாள். பிறகு ஒரு நாள் நானாகக் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டாள்.

அண்ணன் பெயர் கிளாரன்ஸ். வேலை எலெக்ட்ரானிக் சிட்டியில். அன்று கம்பெனி கேப் மேம்பாலத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. பெரிய ரோட்டிலேயே இறங்கிக்கொண்டு நடந்து வருகிறான். தெரு முனை திரும்பியதும் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தான். அவன் வீடு மாடியில். படுக்கையறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது.

பிறகு இருட்டு. மூச்சு இழுத்து விடும் நேரம்...

மறுபடி மூன்று தடவை.

பயந்தானா? இல்லை. அவனுக்கு வந்தது சந்தோஷம். படியை இரண்டு இரண்டாகத் தாண்டி ஓடினான்.

"கனெக்ட் ஆயிடுச்சா பெர்னி?"

கட்டிலில் படுத்திருந்த அவன் மனைவி பெர்னதெத் தலையை மட்டும் திருப்பினாள்.

"நான் ஒண்ணும் பண்ணலங்க. என் போன் ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு. மூணு மணியிலேருந்து இது தானா அடிச்சிக்கிட்டிருக்கு."

எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது.

அவள் ஏன் படுத்திருந்தாள் என்று சொல்லிவிடுகிறேன். பெர்னதெத் கணக்கு டீச்சர். பிப்ரவரியில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஸ்கூட்டர் ஒரு குழியில் இறங்கி, பின்னால் வந்த டெம்போ நிறுத்த முடியாமல்... முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. காலையில் ஓர் அம்மா வந்து எல்லாம் செய்துவிட்டு ஒரு மணிக்குப் போய்விடுவார். கிளாரன்ஸுக்கு வாரம் மூன்று நாள் ஆபீஸ். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஒரு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் அந்த அறையில் அவள் மட்டும். சுவிட்ச் கதவோரம். கட்டிலிலிருந்து ஒன்பது அடி. அவளுக்கு அது ஒன்பது மைல்.

மழைக்காலத்தில் மூன்று மணிக்கே அந்த அறை இருட்டிவிடும். ஒரு நாள் அவள் சொன்னாளாம், "இருட்டிட்டா சுவரு எங்க இருக்கு, நான் எங்க இருக்கேன்னே தெரியலங்க." அவ்வளவுதான். மறுநாளே கிளாரன்ஸ் ஸ்மார்ட் பல்பு இரண்டு வாங்கி வந்தான். கூடவே மேஜை ஃபேனுக்கு ஒரு ஸ்மார்ட் ப்ளக். வைஃபையில் சேர்த்துவிட்டால் போதும், படுத்தபடியே போனில் தட்டலாம். சுவரைக் குடைந்து வயர் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார். வேறு வழியில்லை.

சேரவில்லை.

கையேட்டில் போட்டிருந்ததையெல்லாம் செய்தான். சுவிட்சை ஐந்து தடவை போட்டு அணைத்தான். பல்பு படபடவென்று மின்னியது, சேரத் தயார் என்று அர்த்தம். போனில் ஒரு வட்டம் சுற்றும். தொண்ணூறு... தொண்ணூற்று ஐந்து... தொண்ணூற்று ஒன்பது. அங்கே நிற்கும். பிறகு ஒரு வரி வரும்.

'இந்தச் சாதனம் வேறொரு வீட்டில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது. உரிமையாளரிடம் நீக்கச் சொல்லவும்.'

சீல் பிரித்த புதுப் பெட்டி. யார் உரிமையாளர்? கஸ்டமர் கேரில் ஒரு பெண் அலுக்காமல் பேசினாள். "சார், வைஃபை டூ பாயின்ட் ஃபோர்ல இருக்கா?" இருந்தது. "பேர்ல ஸ்பேஸ் இருந்தா எடுத்துடுங்க." எடுத்தான். "ரவுட்டர ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு..." அதையும் செய்தான். ரவுட்டரையே மாற்றினான். பல்புகளைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினான். மறுபடியும் திருப்பிக் கொடுத்தான். மூன்றாவது பெட்டியிலும் அதே வரி.

ஒரு ஞாயிறு அந்தப் பல்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்டின் டவுனில் இருக்கும் லீனாவின் வீட்டுக்குப் போனான். மாட்டினான். அரை நிமிடம். சேர்ந்துவிட்டது. லீனா கைதட்டினாளாம். திரும்பக் கொண்டுவந்து தன் படுக்கையறையில் மாட்டினான்.

'வேறொரு வீட்டில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது.'

சரி, சுவிட்சைப் போட்டே வைத்துவிடுவோம், சும்மா எரியட்டும் என்று விட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் பல்பு தானாக அணையவும் எரியவும் தொடங்கியது. காலை ஐந்தே முக்காலுக்கு எரியும். எட்டு மணிக்கு அணையும். மத்தியானம் சரியாக மூன்று மணிக்கு எரியும். இரவு ஒன்பதுக்கு அணையும். ப்ளக்கும் அப்படித்தான்... டிக் என்று ஒரு சத்தம், ஃபேன் சுற்றும். டிக், நிற்கும். முதலில் இருவருக்கும் ஒரு மாதிரி இருந்தது. பத்து நாளில் பழகிவிட்டது. பெர்னதெத்துக்குப் பிடித்துக்கூடப் போயிற்று. இருட்டும் நேரத்துக்கு வெளிச்சம் வருகிறதே.

"யாரோ நமக்காக வெளக்கு போட்டுட்டுப் போறாங்க," என்று சிரித்தாளாம்.

பதினோராவது நாள், செவ்வாய்க்கிழமை, அது எரியவில்லை. மின்னத் தொடங்கியது. நான் முதலில் சொன்னேனே... அந்த மாலை.

கிளாரன்ஸ் நாற்காலியைப் போட்டு ஏறி பல்பைக் கழற்றப் போனான்.

"வேணாங்க. கொஞ்சம் பாருங்க."

"பல்பு போச்சு பெர்னி. நாளைக்கு..."

"போகல. எண்ணிப் பாருங்க. மூணு. நிறுத்தம். மூணு. கெட்டுப்போன பல்பு எண்ணுமா?"

அவன் எண்ணினான். மூன்று. நிறுத்தம். மூன்று. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே வேகத்தில் இல்லை. ஒன்று சட்டென்று வரும். அடுத்தது தாமதிக்கும். ஒரு விரல் பட்டனைத் தேடித் தேடி அமுக்குவதைப் போல.

"யாரோ கூப்பிடறாங்க," என்றாள் பெர்னதெத். "என்ன மாதிரி ஒருத்தி. எழுந்திருக்க முடியாதவ."

"ஒருத்தின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கதவோரத்துச் சுவிட்சைக் காட்டினாள். "பதில் குடுங்க," என்றாள். "சுவிட்ச போட்டு அணைங்க. மூணு தடவ."

செய்திருக்கக் கூடாது. லீனா இதைச் சொல்லும்போது கையைப் பிசைந்துகொண்டாள். செய்தான். டக் டக், டக் டக், டக் டக்.

பல்பு நின்றது. எரிந்தபடி அசையாமல் நின்றது. அரை நிமிடம் இருக்கும். வெளியே ஒரு ரயில் போயிற்று, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது போய் அடங்கியதும்... மூன்று. மூன்று. மூன்று. மூன்று. நிறுத்தமே இல்லாமல். அந்த வேகத்தைப் பார்த்து கிளாரன்ஸ் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டான்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. ஈரத்துணியும் பவுடரும் புண்ணும் கலந்த வாடை. நாள்பட்ட படுக்கையின் வாடை. அவன் குனிந்து அவள் போர்வையைத் தூக்கினான்.

"இது என் வாடை இல்லங்க," என்றாள் பெர்னதெத். அழுதுகொண்டிருந்தாள். "என்ன நீங்க ராத்திரியெல்லாம் எழுந்து திருப்பிப் போடறீங்க. இவள யாருமே திருப்பிப் போடல."

ஒன்பது மணிக்கு பல்பு அணைந்தது. வாடையும் போயிற்று.

புதன்கிழமை காலை ஐந்தே முக்கால். மூன்று, நிறுத்தம், மூன்று. கிளாரன்ஸ் ஆபீசுக்கு என்று கிளம்பினான், ஆபீசுக்குப் போகவில்லை. பல்பு கம்பெனியும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான். வரவேற்பில் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போனான். உத்தமன் என்று ஓர் இன்ஜினியர், தர்மபுரிக்காரர், பொறுமையானவர். பல்பின் நம்பரைத் தட்டிவிட்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... வீடுன்னு ஒண்ணு இருக்கு. ரூம் ஒண்ணு. ஆள் ஒண்ணு. பேர் இல்ல. போன் நம்பர் இல்ல. நம்பர் இல்லாம அக்கவுன்ட்டே தொறக்க முடியாது சார்."

"எந்த ஊரு? எந்த வீடு? அத மட்டும் சொல்லுங்க சார். அங்க ஒருத்தர் ஆபத்துல இருக்காங்க."

உத்தமன் திரையைத் திருப்பிக் காட்டினார். வரைபடம். ரயில் பாதை. அதை ஒட்டி ஒரு சின்னத் தெரு. ஒரு சிவப்புப் புள்ளி.

"இது என் வீடு," என்றான் கிளாரன்ஸ்.

"ஆமா சார். சிக்னலும் உங்க வைஃபையிலேருந்துதான் வருது. வெளியேருந்து இல்ல... உள்ளேருந்து."

"அப்ப எடுத்துடுங்க. என் பேர்ல போடுங்க."

"ரெண்டு தடவ எடுத்துட்டேன் சார். பாருங்க, இப்பவும் எடுக்கறேன்." பட்டனைத் தட்டினார். பட்டியலில் பல்பு மறைந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபடி வந்து உட்கார்ந்தது. உத்தமன் கையை மடியில் வைத்துக்கொண்டார். "அவங்களா விட்டாத்தான் சார். என்னால ஒண்ணும் பண்ண முடியல. மன்னிச்சிடுங்க."

அங்கிருந்து நேராக போலீஸ் ஸ்டேஷன். படுத்த படுக்கையாக ஒரு பெண், தனியாக, உதவி கேட்கிறாள் என்றான். ரைட்டர் பேனாவை எடுத்தார். "அட்ரஸ் ஹேளி சார்." கிளாரன்ஸ் வாயைத் திறந்தான். அவனிடம் இருந்தது அவன் வீட்டு விலாசம் மட்டும். அதையே சொன்னான். "அது நீவு இருக்கிற மனை அல்வா?" நீங்கள் இருக்கும் வீடுதானே அது என்று தமிழும் கன்னடமுமாகக் கேட்டுவிட்டு ரைட்டர் பேனாவை மூடி வைத்தார்.

வீட்டுக்கார அம்மா ஹெலன் கீழ்த்தளத்தில். அவரிடமும் கேட்டான். அந்த அறையில் முன்னால் யாராவது நோயாளி இருந்தார்களா?

"அந்த ரூம்லயா?" ஹெலன் அம்மா யோசித்தார். "யாரும் படுத்ததே இல்லப்பா. சாமான் போட்டு வெச்சிருந்த ரூம். கட்டில் போட்டதே நீங்கதான்."

மாடி ஏறும்போதே வாடை அடித்தது. முந்தின நாளைவிடக் கடுமை. பெர்னதெத் மூக்கில் துணி வைத்திருந்தாள், ஆனால் கண் பல்பில். "வேகம் கொறையுதுங்க. மூணாவது வர ரொம்ப நேரம் ஆகுது."

கிளாரன்ஸுக்கு என்னவோ ஆயிற்று. நாற்காலியில் ஏறினான். பல்பைக் கழற்றினான். சூடு கையைச் சுட்டது, விடவில்லை. பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துக் கதவைச் சாத்தினான். அறை இருண்டது. வாடை நின்றது.

"எனக்கு முடியல பெர்னி. என்னால யாரையும் காப்பாத்த முடியாது. உன்னையே பாக்க முடியாம..."

அவள் அவனைத் திட்டவில்லை. இருட்டில் அவள் குரல் மட்டும் வந்தது.

"நீங்க கழட்டிட்டா அவ நிறுத்திடுவாளா? அவ அமுக்கிக்கிட்டேதான் இருப்பா. இங்க யாரோ இருக்காங்கன்னு நாமதானே காட்டினோம்."

வியாழன் விடிந்ததும் பல்பை மீண்டும் மாட்டினான். லீவு சொல்லிவிட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

இரண்டு. நிறுத்தம். நீண்ட நிறுத்தம். இரண்டு.

என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சுவிட்சைப் போட்டுப் பதில் கொடுத்தான். இரண்டுக்கு இரண்டு. பெர்னதெத் ஜெபமாலை சொன்னாள். பத்துப் பதினைந்து தடவை, "தண்ணி குடிச்சியாம்மா?" என்று பல்பைப் பார்த்துக் கேட்டாள். காலையில் வேலைக்கு வந்த அம்மா வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு வரேன்யா," என்று போய்விட்டார். ரூமில் தண்ணீர் தெளித்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். சாமந்திப்பூ வாங்கி வைத்தார்கள். வாடை எதற்கும் மசியவில்லை. எறும்பு மட்டும் வந்தது. சுவரோரமாக, வரிசையாக. எதை நோக்கி என்று தெரியவில்லை. அறையின் நடுவில், தரையில், ஒன்றுமில்லாத ஓர் இடத்துக்கு வந்ததும் வரிசை கலைந்து வட்டமாகச் சுற்றியது.

வெள்ளிக்கிழமை. ஒன்று.

ஒரு தடவை எரியும். அணையும். பெர்னதெத் போனில் நேரம் பார்த்து வந்தாள். பதினொரு நிமிடம் கழித்து ஒன்று. இருபது நிமிடம் கழித்து ஒன்று. மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை. நான்கு மணிக்கு மேல் மழை பிடித்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு ஐம்பத்திரண்டுக்கு பல்பு எரிந்தது. மங்கலாக... ஒரு விரல் எடை கூட இல்லாத மாதிரி. அணைந்தது.

காத்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு வாடை போயிற்று. சாமந்திப்பூ வாசம் முதல் தடவையாக மூக்கில் ஏறியது. எறும்புகள் இல்லை.

கிளாரன்ஸின் போன் டிங் என்றது. 'புதிய சாதனம் கிடைத்துள்ளது. உங்கள் வீட்டில் சேர்க்கலாமா?'

அவன் பெர்னதெத்தைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டினான். வட்டம் சுற்றியது... தொண்ணூறு... நூறு. ஒரு தடங்கலும் இல்லை. சேர்ந்துவிட்டது.

அந்த மாத முடிவிலேயே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். இப்போது ஆஸ்டின் டவுனில், லீனாவின் வீட்டுக்கு மாடியில் இருக்கிறார்கள். கிளாரன்ஸ் இப்போது வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறான். சம்பளம் குறைவு, பரவாயில்லை என்கிறான். பெர்னதெத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய சாதாரண சுவிட்ச். அவளே போட்டுக்கொள்கிறாள், அவளே அணைத்துக்கொள்கிறாள். பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறாள். அவளைத் தனியாக விட்டு அவன் கடைக்குக்கூடப் போவதில்லை. காக்ஸ் டவுன் அறையில் இப்போது ஹெலன் அம்மா பழையபடி சாமான் போட்டு வைத்திருக்கிறாராம்.

பெர்னதெத் இன்றைக்கும் அந்தப் பெண்ணுக்காக ஜெபம் சொல்கிறாள். "நம்மால முடிஞ்சது, கடைசி வரைக்கும் அவகூட இருந்தோம்," என்பாளாம். கிளாரன்ஸ் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விடுவான்.

ஏனென்றால் அவளிடம் அவன் சொல்லாதது ஒன்று இருக்கிறது. லீனாவிடம் மட்டும் சொன்னான்.

இந்த ஸ்மார்ட் பல்புகளில் ஒரு வசதி உண்டு. எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று நாம் செட் செய்து, அதற்கு ஒரு பெயரும் கொடுத்துச் சேமிக்கலாம். 'காலை', 'தூக்கம்'... இப்படி. அந்த வெள்ளிக்கிழமை, பல்பு சேர்ந்த உடனே, கிளாரன்ஸின் போனில் ஏற்கெனவே அப்படி ஒன்று இருந்தது. அவன் செய்ததில்லை. உள்ளே நேரம் எதுவும் போடவில்லை. பெயர் மட்டும். சேமித்தது அன்றைக்கே, மாலை நான்கு ஐம்பத்தொன்றுக்கு, பல்பு கடைசியாக எரிவதற்கு ஒரு நிமிடம் முன்னால். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். நடுவில் எழுத்துப் பிழைகள்... விரல் நழுவிய மாதிரி.

'பாத்துக்கிட்டேதானே இருந்தீங்க.'